லாக் புக்கில் இரண்டு இறந்தகாலங்கள்: பல வருடம் புழங்கிப் பார்த்ததில்

மொரீஷியஸில் ஒரு கடற்கரை ஹோட்டல் ரிசெப்ஷனில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். எங்களுக்குள் பேச்சு கிரியோல் என்ற இந்த ஊர்ப் பேச்சுமொழியில், விருந்தாளிகளோடு பெரும்பாலும் பிரெஞ்சில். ஆனால் ஷிப்டில் நடந்ததை எழுதும் லாக் புக் மட்டும் ஆங்கிலம். அதனால் ஆங்கிலத்தின் பாஸ்ட் சிம்பிள் ('போனேன்' மாதிரி), பாஸ்ட் கன்டினியுவஸ் ('போய்க்கொண்டிருந்தேன்' மாதிரி) இரண்டும் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் ஓடாது. தமிழ்நாட்டிலிருந்து இங்கே வேலைக்கு வரும் தம்பி தங்கைகளுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

'வென் வந்தால் சிம்பிள், வைல் வந்தால் கன்டினியுவஸ்' என்ற பள்ளிக்கூடச் சூத்திரம் பரீட்சைக்குப் போதும், வேலைக்குப் போதாது. எனக்குக் கடைசிவரை கைகொடுப்பது ஒரே கேள்விதான்: அந்தக் காரியம் முடிந்ததா? முடிந்திருந்தால் சிம்பிள். நடுவில் இருந்தது என்று மட்டும் சொல்ல வேண்டுமானால் கன்டினியுவஸ். பிறகு என்ன ஆனது என்பதற்கு அது பொறுப்பேற்காது.

2020 ஜூலை 25 அன்று வாகாஷியோ கப்பல் இங்கே புவாந்த் தெஸ்னி கடற்கரைப் பக்கத்தில் பவளப்பாறையில் ஏறி நின்றதே, அதைத்தான் புதிதாக வருகிறவர்களுக்கு உதாரணமாகச் சொல்வேன். அது பிரேசிலுக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். 'வாஸ் சேலிங் டு பிரேசில்' என்றால் சரி. 'சேல்ட் டு பிரேசில்' என்றால் பிரேசில் போய்ச் சேர்ந்ததாகத்தான் படிப்பவர் நினைப்பார்.

எங்கள் வேலையில் இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும்கூட. 'எ பாய் வாஸ் டிரௌனிங்' என்றால் பையன் தண்ணீரில் தத்தளித்தான். யாராவது தூக்கிக் கரை சேர்த்திருக்கலாம். 'எ பாய் டிரௌன்ட்' என்றால் பையன் இறந்துவிட்டான். காலையில் வருகிற மேனேஜர் அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் யாருக்குப் போன் செய்வது என்று முடிவு செய்வார். இந்த இடத்தில் அவசரமே கூடாது.

கிரியோல் தெரிந்தவர்களுக்கு இது சுலபம். 'மோ தி மார்சே' என்றால் நடந்தேன், 'மோ தி பே மார்சே' என்றால் நடந்துகொண்டிருந்தேன். தமிழைப் போலவே கணக்கு நேராக இருக்கிறது. பிரெஞ்சில் யோசித்து எழுதும்போதுதான் சிக்கல். அங்கே வழக்கமாகச் செய்ததற்கும் அப்போது செய்துகொண்டிருந்ததற்கும் அதே வினை வடிவம் வரும். அதனால் ஞாயிறுதோறும் கோயிலுக்குப் போனோம் என்பதை 'வீ வேர் கோயிங்' என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் அதற்கு 'வென்ட்' போதும்.

நம்மவர்களிடம் கன்டினியுவஸ் கொஞ்சம் அதிகம். 'ஐ வாஸ் ஹேவிங் எ டவுட்', 'ஹீ வாஸ் நோயிங்' எல்லாம் காதில் விழுகிறது. நோ (தெரியும்), வான்ட் (வேண்டும்), பிலீவ் (நம்புகிறேன்) போன்றவை செயல் அல்ல, நிலை. அவற்றுக்கு சிம்பிளே சரி. லாக் புக்கில் பெரும்பாலான வரிகளை சிம்பிளே தாங்கிவிடும் என்பது என் அனுபவம்.

அப்புறம், கவுண்டரில் புதியவர்கள் தடுமாறும் இடம் ஒன்று. விருந்தாளி வந்து 'ஐ வாஸ் வொண்டரிங்' என்று ஆரம்பித்தால் பழைய கதை சொல்லப்போகிறார் என்று காத்திருக்காதீர்கள். அறை மாற்றமோ லேட் செக்-அவுட்டோ, இப்போதே ஏதோ வேண்டும் என்று மரியாதையாகக் கேட்கிறார்.