பழைய காருக்கு இன்ஜின் வேலை என்று 62,500 ரூபாய் பறிகொடுத்தேன்: காரைக்குடிப் பக்கத்து ஆட்கள் கொஞ்சம் படியுங்கள்

நேற்று சாயங்காலம்தான் விஷயம் தெரிந்தது. இராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கடைப் பெயரைப் போடவில்லை. எல்லா கம்பெனி வண்டிக்கும் வேலை பார்க்கிற, ரோட்டோரத்துப் பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்று, அது போதும்.

வண்டி 2009 சான்ட்ரோ, பெட்ரோல். ஆத்தாவைப் பிள்ளையார்பட்டிக்குக் கூட்டிப்போக என்றே அப்பச்சி வாங்கியது. 2024-ல் 15 வருஷம் முடிந்ததும் 5,000 ரூபாய் கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தோம். 2029 வரை இருக்கிறது. ரெண்டு மாதம் முன்னால் திருமயம் தாண்டும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக்கு ஏறியது. கொடுத்துவிட்டு வேறு வண்டி பார்க்கலாம் என்றுதான் வீட்டில் பேச்சு. பழைய வண்டி வாங்குகிறவர் ஒருவர், ஹீட் ஆவதைச் சொல்லியும் 55,000 தருவதாகச் சொன்னார். கொடுத்திருக்க வேண்டும்.

எதற்கும் ஒருமுறை காட்டிவிடுவோம் என்று அந்த ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். கடை ஓனர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, உடனே வேலையைப் பற்றிப் பேசவில்லை. டேஷ்போர்டில் அப்பச்சி ஒட்டிவைத்த பிள்ளையார் படத்தைப் பார்த்தார். "அப்பச்சி வண்டியாண்ணே? இதைக் காயலான் கடைக்குப் போட மனசு வருமா? ஹெட் போயிருச்சு. இன்ஜினை இறக்கி ரிங், பிஸ்டன், பேரிங் எல்லாம் புதுசாப் போட்டுத் தர்றேன், ஆர்.சி. முடியிற வரைக்கும் பானெட்டைத் திறக்கவே வேணாம்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்த இடத்தில்தான் விழுந்தேன். வெள்ளைத்தாளில் கணக்கு எழுதினார்: 62,500. இந்த மாடல் 2014-லேயே நின்றுபோச்சு, சாமான் வெளியூரிலிருந்து வரணும், முன்பணம் வேணும் என்றார். 40,000 ஜிபே பண்ணினேன். வண்டி எடுக்கும்போது மீதி 22,500 ரொக்கம். பில் கேட்டதற்கு, "போட்டா ஜிஎஸ்டி சேரும்ணே, உங்களுக்குத்தான் நஷ்டம்."

23 நாள் வண்டி அங்கே கிடந்தது. நடுவில் இன்ஜினைப் பிரித்த போட்டோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்தது. பார்த்து நிம்மதியானேன்.

வண்டி வந்த பத்தாம் நாள் புதுக்கோட்டை போகும் வழியில் மறுபடி அதே ஹீட். போன் போட்டால், "ஓனர் மதுரை போயிருக்காரு." மறுநாள், "ரேடியேட்டர் தனி வேலைண்ணே, அது நம்ம கணக்குல இல்ல." நேரில் போனால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். கடைசியில் அவரே வந்து, "பதினஞ்சு வருஷ வண்டி, அப்படித்தான் இருக்கும்" என்றார். சாமி படத்தைக் காட்டிப் பேசிய அதே வாய்! அதற்குப் பிறகு என் நம்பரை எடுப்பதில்லை.

நேற்று திருப்பத்தூரில் ஒரு சின்னப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். வயசான மெக்கானிக். வண்டிக்கு அடியில் டார்ச் அடித்து, "தம்பி, இங்க பாருங்க" என்றார். ஆயில் சம்ப், அதாவது இன்ஜினுக்கு அடியில் இருக்கிற ஆயில் தொட்டி, அதன் போல்ட்டுகளில் வருஷக்கணக்கான ஆயில் பிசுக்கும் செம்மண்ணும் அப்படியே இறுகிக் கிடந்தன. ஒரு போல்ட்டில்கூட ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. சம்ப்பைக் கழற்றாமல் பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் எப்படி மாற்ற முடியும்? அப்புறம், இன்ஜின் சூடானதும் திறந்து கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடுகிற தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, பக்கத்து டீக்கடையில் கொதிக்கிற தண்ணீர் வாங்கி அதில் போட்டார். 82 டிகிரி வாக்கிலேயே திறக்க வேண்டியது, நூலளவுதான் வாய் திறந்தது. புது வால்வைப் போட்டுக் காட்டினார், நன்றாக விரிந்தது. ஊருக்குள் ஓட்டினால் தெரியாமல், தூரம் போனால் ஹீட் ஏறியதற்குக் காரணம் அவ்வளவுதான். வால்வு, கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 2,900 ரூபாய். இதற்குத்தான் 62,500.

வீட்டுக்கு வந்து அந்த போட்டோவை எடுத்துப் பார்த்தேன். படத்தில் இருப்பது மூன்று சிலிண்டர் இன்ஜின். என் வண்டிக்கு நாலு.

பழைய வண்டியை வைத்துக்கொள்ளலாமா, கொடுத்துவிடலாமா என்று எப்படி முடிவு செய்வது, விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அந்த நிதானம் எனக்கு இல்லை. இதை மட்டும் கேளுங்கள். வேலை பார்க்கப் போகிறவரிடமே "செய்யலாமா, வித்துடலாமா" என்று கேட்காதீர்கள். அந்த வேலையில் பணம் பார்க்காத இன்னொருவரிடம் முதலில் காட்டுங்கள். ஹீட் என்றால் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், ஃபேன் பார்த்தாச்சா என்று கேளுங்கள். இன்ஜினை இறக்கணும் என்றால் முதலில் கம்ப்ரஷன் டெஸ்ட், அதாவது சிலிண்டருக்குள் அழுத்தம் சரியாக இருக்கிறதா என்ற சோதனை. கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்கி டிக்கியில் போடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள், ரொக்கம் வேண்டவே வேண்டாம்.

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்துவிட்டேன். 5 லட்சம் வரைக்கும் நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை. ஜிபே ரசீது, வெள்ளைத்தாள் கணக்கு, அந்த மூன்று சிலிண்டர் போட்டோ எல்லாம் பிரின்ட் எடுத்தாச்சு. திங்கட்கிழமை காலை முதல் பஸ்ஸில் சிவகங்கை நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறேன்.