வைஃபை பிரிண்டரா, கணினி வழிப் பகிர்வா? வன்னி வீட்டு லினக்ஸுக்கு எது தோது

கிளிநொச்சி, மல்லாவி, புதுக்குடியிருப்புப் பக்கத்து வீடுகளில் நான் அதிகம் காண்பது இரண்டு வகைப் பிரிண்டர்கள். ஒன்று, கந்தோரிலோ கடையிலோ பாவித்து முடித்து கைமாறி வந்த பழைய லேசர்: கனன் எல்பிபி2900, எச்பி லேசர்ஜெட் 1020 போன்றவை. மற்றது, புதிதாக வாங்கிய இங்க் டேங்க். இரண்டிலும் வருவது கடந்தகால வினாத்தாள், அடையாள அட்டைப் பிரதி, காணி அனுமதிப்பத்திரத்தின் பிரதி, கிராம அலுவலரிடம் கொடுக்கும் படிவம். விண்டோஸை விட்டு லினக்ஸ் மின்டுக்கோ உபுண்டுவுக்கோ மாறியவர்கள் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் எல்லோரும் அடிக்கிற மாதிரி இதை எப்படிக் கொழுவுவது?

வழிகள் மூன்று. பிரிண்டரே வைஃபையில் சேர்வது. பிரிண்டரை யூஎஸ்பியால் லினக்ஸ் கணினியில் கொழுவி, அங்கிருந்து வீட்டுக்குப் பகிர்வது. ரவுட்டரின் பின்பக்கத்து யூஎஸ்பித் துளையில் கொழுவுவது.

மூன்றாவதை முதலிலேயே தள்ளிவிடலாம். அப்படிக் கொழுவினால் பல ரவுட்டர்கள் 9100 என்ற போர்ட்டை, அதாவது வலையமைப்பில் எண்ணிட்ட ஒரு வாசலைத் திறந்து, வருகிற எதையும் அப்படியே பிரிண்டருக்குள் தள்ளும். கடவுச்சொல் கிடையாது, யார் அனுப்பினார் என்ற பதிவும் கிடையாது. 2018 இறுதியில் ஒருவர், இணையத்துக்குத் திறந்து கிடந்த இதே போர்ட் வழியாக ஐம்பதாயிரம் பிரிண்டர்களில் ஒரு யூடியூப் சேனலுக்கு விளம்பரத் துண்டு அடித்ததாகச் சொல்லிக்கொண்டார். எச்பி 1020க்கு இந்த வழி பெரும்பாலும் வேலை செய்யாது. அது அணைத்தவுடன் தன் ஃபேர்ம்வெயரை, அதாவது உள்ளே ஓடும் மென்பொருளை மறந்துவிடும் பிரிண்டர். இயக்கும் ஒவ்வொரு முறையும் கணினிதான் அதை ஊட்ட வேண்டும், சாதாரண ரவுட்டருக்கு அந்த வேலை தெரியாது.

மிஞ்சிய இரண்டுக்கும் இடையில்தான் உண்மையான போட்டி.

வைஃபை உள்ள புதுப் பிரிண்டர் என்றால் பொருத்துவது சுலபம். டிரைவரின்றி அச்சிடும் ஏர்பிரிண்ட் முறையை ஆப்பிள் 2010இல் கொண்டுவந்ததிலிருந்து, வலையமைப்பில் சேரும் பிரிண்டர்களில் மிகப் பெரும்பான்மை ஐபிபி என்ற பொது மொழியைப் பேசுகின்றன. லினக்ஸில் அச்சு வேலையைப் பார்க்கும் கப்ஸுக்கு இது போதும். அவாஹி சேவை பிரிண்டரைக் கண்டுபிடிக்கும், டிரைவர் எதுவும் இறக்காமலே பட்டியலில் பெயர் வந்துவிடும். ஸ்கேனரும் சேர்ந்த இயந்திரம் என்றால், சேன் ஏர்ஸ்கேன் தொகுதி இருந்தால் அதுவும் டிரைவரின்றி ஓடும். உற்பத்தியாளரின் டிரைவர் தேவைப்படுவது ஓரமில்லாப் புகைப்படம், நொசில் சுத்திகரிப்பு போன்ற சில்லறை வசதிகளுக்குத்தான். கப்ஸின் அடுத்த பெரும் பதிப்பில் பழைய பாணி டிரைவர்கள் கைவிடப்பட இருக்கின்றன. ஆகவே புதிதாக வாங்குகிறவர் ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா (அதேபோன்ற டிரைவரில்லா அச்சு முறை) என்று பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்து வாங்கட்டும்.

சிக்கல் கரண்ட் போய் வரும்போது தொடங்குகிறது. மின் வந்ததும் பிரிண்டர் முந்திக்கொண்டு எழும்பும், 4ஜி ரவுட்டர் ஆறுதலாக எழும்பும். வலையமைப்பு முகவரி கொடுக்க ஆளில்லாமல் பிரிண்டர் தானே 169.254 என்று தொடங்கும் ஒரு முகவரியைப் போட்டுக்கொள்ளும். "தம்பி, நேற்று அடிச்சது, இண்டைக்கு ஓஃப்லைன் எண்டு நிக்குது" என்று ரியூசன் ரீச்சர் கூப்பிடுவது பெரும்பாலும் இதற்காகத்தான். பிரிண்டரை மட்டும் அணைத்து இயக்கினால் அப்போதைக்குச் சரிவரும். முகவரி அடிக்கடி மாறி வில்லங்கம் தருகிறது என்றால், ரவுட்டரில் பிரிண்டருக்கு ஒரு நிரந்தர முகவரியை ஒதுக்கிவிட வேண்டும். இன்னொன்று: பல வீட்டுப் பிரிண்டர்களுக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். 5 கிகாஹேர்ட்ஸ் பெயரைத் தேடிக்கொண்டு நேரம் போக்க வேண்டாம்.

பழைய லேசருக்கு இரண்டாவது வழியை விட்டால் வேறில்லை. எச்பி 1020க்கு எச்பிலிப் என்ற எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுதியும், எச்பி மூலநிரலை வெளியிடாமல் தரும் செருகுநிரலும் வேண்டும். கனன் 2900 இதைவிட அடம்பிடிக்கும். அது பேசுவது காப்ட் என்ற கனனின் சொந்த மொழி. கனன் தந்த லினக்ஸ் டிரைவர் பழையது, 32 பிட் நூலகங்களைக் கேட்கும், இன்டெல் வகைக் கணினியில் மட்டுமே ஓடும். இன்டெல் வகை அல்லாத சிறு கணினியான ராஸ்பெரி பையில் மலிவாக ஒரு பிரிண்ட் சேர்வர் செய்யலாம் என்று நினைப்பவர்கள் இங்கேதான் முட்டுப்படுவார்கள். 2900க்கென்று ஆர்வலர்கள் எழுதிய திறமூல டிரைவர் ஒன்று உண்டு, பொறுமை உள்ளவர்கள் முயலலாம்.

ஆனால் ஒருமுறை கணினியில் அது அடித்துவிட்டால், பகிர்வது சில சொடுக்குகள்தான். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடித்து, முக்காற்புள்ளி இட்டு 631 என்று போட்டால் கப்ஸின் பக்கம் வரும். நிர்வாகப் பகுதியில் பிரிண்டர்களைப் பகிரும் பெட்டியில் மட்டும் சரி அடையாளம் போடுங்கள். அதன் கீழேயே இணையத்திலிருந்து அச்சிட அனுமதிக்கும் பெட்டி இருக்கிறது, தொலைவிலிருந்து நிர்வகிக்கும் பெட்டியும் இருக்கிறது. இரண்டும் வெறுமையாகவே கிடக்கட்டும். கைபேசிகள் பெரும்பாலும் இந்தப் பிரிண்டரைத் தாமாகவே கண்டுகொள்ளும். நட்டம் என்னவென்றால், கணினி ஓடினால்தான் யாரும் அடிக்கலாம்.

பாதுகாப்பில் எது மேல்? பலர் வைஃபை பிரிண்டர்தான் பத்திரம் என்று நினைக்கிறார்கள், கணினியில் எதையும் திறக்கவில்லையே என்று. எனக்கு எதிர்க்கருத்து. வைஃபை பிரிண்டர் தானே ஒரு கணினி. பலர் அதன் ஃபேர்ம்வெயரை ஒருநாளும் புதுப்பிப்பதில்லை. 2025இல் வெளியான ஆய்வொன்றில் பிரதர் நிறுவனத்தின் 689 மாதிரிகளில் குறை கண்டுபிடித்தார்கள். அவற்றின் தொடக்கக் கடவுச்சொல்லைத் தொடர் எண்ணிலிருந்தே கணித்துவிடலாம். ஏற்கெனவே விற்ற இயந்திரங்களில் ஃபேர்ம்வெயரால் அதைத் தீர்க்க முடியாது, கடவுச்சொல்லைக் கையால் மாற்றுவதுதான் ஒரே வழி. எந்த நிறுவனப் பிரிண்டராக இருந்தாலும் முதல் நாளே அதன் நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள். ரவுட்டர் இல்லாமலே பிரிண்டரோடு நேரே இணைய விடும் வைஃபை டிரெக்டை அணையுங்கள். சில மாதிரிகளில் அதன் கடவுச்சொல் 12345678 என்றே வரும். டெல்நெட், எஃப்டிபி என்ற பழைய தொடர்பு வழிகள், 9100 எல்லாவற்றையும் மூடலாம். டிரைவரில்லா அச்சுக்கு ஐபிபியின் 631 போர்ட்டும், பிரிண்டரைக் கண்டுபிடிக்க உதவும் போன்ஜூர் (எம்டிஎன்எஸ்) சேவையும் போதும்.

கப்ஸிலும் ஓட்டை வராமல் இல்லை. 2024 செப்டெம்பரில் சிமோன் மார்கரிட்டெல்லி என்ற ஆய்வாளர், வலையமைப்பில் பிரிண்டர்களைத் தேடிச் சேர்க்கும் கப்ஸ்-பிரவுஸ்ட் சேவையின் குறையை வெளியிட்டார். 631 போர்ட்டில் யூடிபி என்ற முறையில் வரும் எந்தத் தரவுப் பொதியையும் அது நம்பியது. அதனால் வெளியாள் ஒரு போலிப் பிரிண்டரைக் கணினிக்குள் நுழைத்துவிடலாம், வீட்டுக்காரர் அந்தப் பிரிண்டருக்கு ஒரு பக்கம் அடித்தால் அவன் எழுதிய கட்டளை ஓடும். ஆனால் இங்கே வழக்கமான அப்டேட் வந்து திருத்தியது. பழைய பிரிண்டருக்கு அப்படி யார் வருவார்? ஒரு லேசரைப் பகிரும் வீட்டுக்குக் கப்ஸ்-பிரவுஸ்ட் தேவையே இல்லை, அந்தச் சேவையை நிறுத்தி முடக்கிவிடலாம். உபுண்டுவிலும் மின்டிலும் ஃபயர்வோல் இருந்தும் தொடக்கத்தில் அணைந்தே கிடக்கும். அதை இயக்கி, உங்கள் வீட்டு வலையமைப்பு முகவரி வரிசைக்கு மட்டும் 631 போர்ட்டை டிசிபி முறைக்குத் திறவுங்கள். வரிசை 192.168.1 என்று தொடங்குகிறதா 192.168.8 என்று தொடங்குகிறதா என்பதை ரவுட்டரைப் பார்த்துப் போடுங்கள்.

யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. அடித்து முடித்த கோப்புகளைக் கப்ஸ் வழக்கமாக ஒரு நாள் தன் களஞ்சியத்தில் வைத்திருக்கும். அயலவரின் அடையாள அட்டையும் காணிப் பத்திரமும் உங்கள் கணினியில் தங்குகின்றன. கப்ஸின் அமைப்புக் கோப்பில் (cupsd.conf) PreserveJobFiles No என்ற வரியைப் போட்டால் அடித்தவுடன் அழிந்துவிடும்.

4ஜி இணைப்புகளில் பெரும்பாலானவை பொது முகவரி ஒன்றைப் பலர் பங்கிடும் வகை. வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்கள் பிரிண்டரைத் தட்டுவது அதனால் கடினம், ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி தரும் ஐபிவி6 இல்லாதவரை. எங்கள் ஊரில் ஆபத்து வாசலுக்கு உள்ளேதான். வைஃபை கடவுச்சொல் பக்கத்து வீட்டுக்கும் தெரியும், ரியூசனுக்கு வரும் பிள்ளைகளுக்கும் தெரியும். கேட்டால் இல்லை என்று சொல்லுகிற வழக்கமும் நமக்கில்லை. ஆகவே ரவுட்டரில் விருந்தினர் வைஃபை ஒன்றைத் திறந்து அந்தக் கடவுச்சொல்லை ஊருக்குக் கொடுங்கள். பிரிண்டரும் கணினியும் மற்ற வைஃபையில் இருக்கட்டும். விருந்தினர் வைஃபையில் நிற்பவருக்குப் பிரிண்டர் தெரியாது, அதுதான் வேண்டியதும்.

கையில் பழைய லேசர் இருந்தால் கணினி வழிப் பகிர்வு, யோசிக்க ஒன்றுமில்லை. புதிதாக வாங்குவதானால் டிரைவரில்லா வைஃபை இங்க் டேங்க் வாங்கி, மேலே சொன்னவற்றை மூடிப் பாவிப்பதே என் தெரிவு. அதிலும் ஸ்கேனர் உள்ளது நல்லது. கடவுச்சொல்லை யாருக்கும் மறுக்க முடியாத வீடு, விருந்தினர் வைஃபை இல்லாத ரவுட்டர் என்றால், அதே இங்க் டேங்கை வைஃபை அணைத்து யூஎஸ்பியில் கொழுவிக் கப்ஸால் பகிருங்கள். ஐபிபி-யூஎஸ்பி தொகுதி இருந்தால் அதற்கும் டிரைவர் வேண்டாம். யார் அடிக்கலாம் என்பதைக் கப்ஸில் பயனர் பெயர் வைத்தே மட்டுப்படுத்தலாம்.

மின் விடயத்தில் லேசருக்கு ஒரு குறை. அதன் சூடேற்றி பல நூறு வாட் இழுக்கும், கணினிக்கு வைத்திருக்கும் சின்ன யூபிஎஸ்ஸில் அதைக் கொழுவக்கூடாது, சுவரிலேயே கொழுவுங்கள். இங்க் டேங்குக்குப் பத்து இருபது வாட் போதும். ஆனால் வாரம் ஒரு நிறப் பக்கமாவது அடியுங்கள், பங்குனி வெயிலில் சும்மா கிடந்தால் நொசில் காய்ந்துவிடும்.