சிலாஜிசம் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: மூன்று வகைப் பாடங்கள் பற்றிய மதிப்பீடு

சிலாஜிசம் என்பது, கொடுத்த கூற்றுகளை உண்மையென்று வைத்துக்கொண்டு அவற்றிலிருந்து எந்த முடிவு கட்டாயம் கிடைக்கும் என்று கேட்கும் தேர்வுக் கேள்வி வகை. அதற்கென்று விற்கிற பயிற்சி செயலியாக வரும், வீடியோ வகுப்பாக வரும், அச்சடித்த புத்தகமாகவும் வரும். உருவம் எதுவானாலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் மூன்றே முறைகள். ஒன்று, வட்டம் போட்டுப் பார்ப்பது. இரண்டு, கூட்டல் வாய்ப்பாடு போல ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்வது. மூன்று, ஒவ்வொரு சொல்லுக்கும் 100 அல்லது 50 என்று மதிப்புப் போட்டு விதி பார்ப்பது. எத்தனை ஆயிரம் கேள்விகள், எத்தனை மணி நேர வீடியோ என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, எந்த முறையை எவ்வளவு ஆழமாகச் சொல்லித்தருகிறார்கள் என்று பாருங்கள்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். எதிர்ப்படம், அதாவது கூற்றுகளை மீறாமல் முடிவைப் பொய்யாக்கும் படம், போடக் கற்றுத்தரும் வட்ட முறைப் பாடத்துக்குப் பணம் கொடுக்கலாம். அட்டவணையை மட்டும் நம்பியிருக்கும் பாடத்துக்குத் தேவையில்லை. அதன் முழுச் சரக்கும் ஒன்பது வரிதான், அது இந்த மதிப்பீட்டிலேயே கீழே இருக்கிறது. 100-50 முறை, போட்ட விடையைச் சரிபார்க்க நல்ல கருவி; அதை மட்டுமே நம்பி உட்காரக் கூடாது.

அளவுகோல் இதுதான்: கூற்றுகள் அனுமதிக்கும் எல்லாப் படங்களிலும் உண்மையாக நிற்கிற முடிவு மட்டுமே ‘பின்தொடரும்’. முடிவு பொய்யாகிப்போகிற ஒரே ஒரு படம் கிடைத்தாலும் அது விழுந்தது. இந்த ஒரு வரியை முதல் பாடத்திலேயே சொல்லாத பயிற்சி, மீதி எதை எவ்வளவு அழகாகச் சொன்னாலும் அடித்தளம் இல்லாதது. அதோடு ‘சில’ என்றால் ‘குறைந்தது ஒன்று, ஒருவேளை எல்லாமும்’ என்பதையும் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். ‘சில பேனாக்கள் நீலம்’ என்றதும் ‘அப்படியானால் சில நீலம் இல்லை’ என்று மனம் தானாகச் சேர்த்துக்கொள்ளும். அந்தச் சேர்க்கைதான் தொடக்கநிலைத் தவறுகளில் பெரும்பங்கு.

இலவச மாதிரிப் பாடம் கிடைத்தால் முதலில் இந்தக் கேள்வியைப் போட்டுப் பாருங்கள். எல்லா ரோஜாக்களும் பூக்கள். எந்த ரோஜாவும் தாமரை அல்ல. முடிவு: எந்தப் பூவும் தாமரை அல்ல. முடிவு தவறென்று உலக அறிவே சொல்லிவிடும், ஏனென்றால் தாமரையும் பூதான். இதே அமைப்பில் ரோஜா, பூ, தாமரை இருக்கும் இடத்தில் நாற்காலி, மரம், கண்ணாடி என்று வைத்தால் நிறையப் பேர் தயங்காமல் ‘சரி’ போடுவார்கள். கூற்றுகள் சொல்வது ரோஜாவைப் பற்றி மட்டும்தான். ரோஜா அல்லாத பூக்களைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கிடைக்கிற உறுதியான முடிவு ‘சில பூக்கள் தாமரை அல்ல’ என்பது. இந்த விளக்கம் பாடத்தில் இருந்தால் மேற்கொண்டு பார்க்கலாம். ‘விதிப்படி தவறு’ என்று மட்டும் இருந்தால் வேண்டாம்.

வட்ட முறைக்கு வருவோம். வகுப்புகளில் வென் படம் என்று சொல்லிப் போடுவது, உள்ளபடி கணிதமேதை ஆய்லரின் வட்டங்கள். 1768-ல் வெளிவரத் தொடங்கிய தன் கடிதங்களில் ஆய்லர், ஒன்றுக்குள் ஒன்று, ஒன்றையொன்று வெட்டுவது, விலகி நிற்பது என்று வட்டங்களை வைத்தே சிலாஜிசத்தை விளக்கினார். தர்க்க அறிஞர் ஜான் வென் 1880-ல் முன்வைத்தது வேறு: எல்லா வட்டங்களும் எப்போதும் ஒன்றையொன்று வெட்டும், காலியான பகுதிக்கு நிழல் பூச வேண்டும். இந்த வேறுபாடு பயிற்சியின் தரத்தைத் தொடுகிறது. வென் முறையில் ஒரே படம் போதும், ஆனால் நான்கு சொற்கள் வந்துவிட்டால் வட்டத்தால் முடியாது, நீள்வட்டத்துக்குப் போக வேண்டும். ஆய்லர் முறை வரைய எளிது, ஆனால் ஒரு கூற்றுக்கே பல படங்கள் உண்டு: ‘எல்லா’ என்றால் 2, ‘எந்த… அல்ல’ என்றால் 1, ‘சில’ என்றால் 4, ‘சில… அல்ல’ என்றால் 3. இரண்டு ‘சில’ கூற்றுகள் சேர்ந்தாலே 16 இணைகள். ‘எல்லாப் படங்களையும் போடுங்கள்’ என்று சொல்லும் பாடம் தேர்வு நேரத்துக்கு உதவாது. ஒரே படத்தைப் போட்டுக் கண்ணுக்குத் தெரிந்ததையெல்லாம் முடிவாக எழுதச் சொல்லும் பாடமோ ஆபத்து.

நல்ல பாடம் சொல்லித்தர வேண்டிய வழி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் ஒரு குறைந்தபட்சப் படம்: கூற்று கேட்ட தொடர்பை மட்டும் வரைந்து, கேட்காத வட்டங்களை விலக்கியே வைப்பது. ‘சில’ என்று சொன்ன இடத்தில் ஒரு புள்ளி. புள்ளி இருக்கும் இடத்தில் ஏதோ ஒன்று உறுதியாக இருக்கிறது. புள்ளி இல்லாத இடத்தில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ‘எந்த… அல்ல’ என்றால் இரண்டு வட்டங்களுக்கும் நடுவே ஒரு தடுப்புக் கோடு. பிறகு, முடிவு ஒன்றுக்கு ஒரு எதிர்ப்படம்: புள்ளியையும் கோட்டையும் மீறாமல் வட்டங்களை இழுத்து, நகர்த்தி, அந்த முடிவைப் பொய்யாக்க முயல்வது. முடியவில்லை என்றால் முடிவு நிற்கும்.

இதைச் சோதிக்க ஒரே கேள்வி போதும். சில நாற்காலிகள் மேசைகள். எல்லா மேசைகளும் கதவுகள். எந்தக் கதவும் ஜன்னல் அல்ல. மேசை வட்டம் கதவுக்குள் போகும். நாற்காலி மேசையை வெட்டும், வெட்டிய இடத்தில் புள்ளி. கதவுக்கும் ஜன்னலுக்கும் நடுவே கோடு. புள்ளி நாற்காலியிலும் மேசையிலும் கதவிலும் ஒருசேர இருப்பதால் ‘சில நாற்காலிகள் கதவுகள்’ நிற்கும். அதே புள்ளி கோட்டுக்கு இந்தப் பக்கம் இருப்பதால் ‘சில நாற்காலிகள் ஜன்னல்கள் அல்ல’ என்பதும் நிற்கும். ‘எந்த மேசையும் ஜன்னல் அல்ல’ என்பதும் அப்படியே. ‘எந்த நாற்காலியும் ஜன்னல் அல்ல’ என்பது முதல் படத்தில் உண்மை போலத் தெரியும். நாற்காலி வட்டத்தின் மறுமுனையை ஜன்னலுக்குள் நீட்டிப் பாருங்கள், எந்தக் கூற்றும் மீறப்படவில்லை. ஆக முடிவு விழுந்தது. இந்த நீட்டலைக் காட்டாமல் ‘படத்தில் தொடவில்லை, எனவே சரி’ என்று விளக்கம் கொடுக்கும் வீடியோவை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது அட்டவணை. முதல் கூற்றின் இரண்டாம் சொல்லும் இரண்டாம் கூற்றின் முதல் சொல்லும் ஒன்றாக இருக்கும்படி வரிசைப்படுத்திக்கொண்டு படிக்க வேண்டியது:

எல்லா + எல்லா = எல்லா
எல்லா + எந்த… அல்ல = எந்த… அல்ல
எல்லா + சில = முடிவில்லை
சில + எல்லா = சில
சில + எந்த… அல்ல = சில… அல்ல
சில + சில = முடிவில்லை
எந்த… அல்ல + எல்லா = திருப்பிய சில… அல்ல
எந்த… அல்ல + சில = திருப்பிய சில… அல்ல
எந்த… அல்ல + எந்த… அல்ல = முடிவில்லை

‘திருப்பிய’ என்றால் மூன்றாம் சொல்லிலிருந்து முதல் சொல்லுக்கு: எந்த க-வும் ச அல்ல, எல்லா ச-வும் ட என்றால், சில ட க அல்ல.

வேகம் என்று பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றும் இல்லை, அதை மறுக்க முடியாது. குறை வரிசைப்படுத்தும் இடத்தில் வருகிறது. ‘சில க ச’ என்பதை ‘சில ச க’ என்று திருப்பலாம். ‘எந்த க-வும் ச அல்ல’ என்பதையும் திருப்பலாம். ‘எல்லா க-வும் ச’ என்பதைத் திருப்பினால் ‘சில ச க’ மட்டுமே கிடைக்கும். அங்கே ‘எல்லா ச-வும் க’ என்று எழுதுகிற கைதான் மதிப்பெண்ணை இழக்கிறது. ‘சில க ச அல்ல’ என்பதைத் திருப்பவே முடியாது. அந்தக் கூற்று அட்டவணையின் இடப்பக்கத்திலேயே இல்லை என்பதைக் கவனியுங்கள். அதனால் அட்டவணைப் பாடம் படித்தவர் ‘எல்லா ட-வும் ச, சில க ச அல்ல’ என்ற கேள்வியைப் பார்த்ததும் ‘முடிவில்லை’ என்று போடுவார். ஆனால் உறுதியான முடிவு உண்டு: சில க ட அல்ல. ச-வுக்கு வெளியே நிற்கும் அந்தச் சில, ச-வுக்குள்ளேயே அடங்கிய ட-வாக இருக்க வழியே இல்லை. இதே போல ‘சில ச ட அல்ல, எல்லா ச-வும் க’ என்றால் ‘சில க ட அல்ல’. பாடத்தில் இந்த இரண்டு வடிவங்களும் இருக்கின்றனவா என்று பொருளடக்கத்திலேயே தேடிப் பாருங்கள்.

100-50 முறை மரபான தர்க்கத்தின் ஒரு கருத்தையே எண்ணாக மாற்றியது. ஒரு சொல்லின் முழுத் தொகுதியையும் பற்றிக் கூற்று பேசினால் அதற்கு 100, பகுதியைப் பற்றி மட்டும் பேசினால் 50. ‘எல்லா க-வும் ச’: க 100, ச 50. ‘எந்த க-வும் ச அல்ல’: இரண்டும் 100. ‘சில க ச’: இரண்டும் 50. ‘சில க ச அல்ல’: க 50, ச 100. இரண்டு கூற்றிலும் வரும் பொதுச்சொல்லின் கூட்டுத்தொகை 150-க்குக் குறையக் கூடாது. கூற்றில் 50 வாங்கிய சொல் முடிவில் 100 ஆகக் கூடாது. ஒரு கூற்று எதிர்மறை என்றால் முடிவும் எதிர்மறை. இரண்டும் எதிர்மறை என்றால் முடிவே இல்லை. இரண்டும் நேர்மறை என்றால் முடிவு எதிர்மறையாக வராது.

விதிகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்தால் இரண்டு கூற்றுக் கேள்விகளில் இது பிசகாது. முன்னே சொன்ன ரோஜாக் கேள்வியைக்கூட இரண்டாம் விதி பிடித்துவிடும்: ‘பூ’ கூற்றில் 50, முடிவில் 100. சில குறுக்குவழி வீடியோக்கள் 150 விதியோடு நிறுத்திக்கொள்கின்றன, அதுதான் கோளாறு. ‘சில க ச அல்ல, சில ச ட’ என்பதை எடுங்கள். ச-வின் கூட்டுத்தொகை 150 வந்துவிடும். ஆனால் முடிவு எதிர்மறையாக இருக்க வேண்டும். ‘சில க ட அல்ல’ என்றால் ட 50-லிருந்து 100-க்கு ஏறும், ‘சில ட க அல்ல’ என்றால் க ஏறும். ஆக முடிவே இல்லை. மூன்று, நான்கு கூற்றுகள் வந்தால் இணை இணையாகப் பிரித்துப் போக வேண்டியிருக்கும், அங்கே நேரமும் போகும். ‘சாத்தியம்’ கேட்கும் முடிவுகளுக்கு இந்த எண்கள் எதுவும் சொல்லாது.

அந்தச் சாத்தியக் கேள்விகள்தான் பயிற்சிகளைத் தரம் பிரிக்கும் இடம். ‘எல்லா நாற்காலிகளும் கதவுகளாக இருக்கச் சாத்தியம்’ என்றால் முயற்சியின் திசை மாறுகிறது: பொய்யாக்கப் பார்க்காமல், உண்மையாகும் ஒரு படம் போட முடிகிறதா என்று பார்க்க வேண்டும். மேலே போட்ட படத்தில் நாற்காலி வட்டத்தை முழுதாகக் கதவுக்குள் தள்ளலாம், ஆகவே சரி. ‘எல்லா நாற்காலிகளும் ஜன்னல்களாக இருக்கச் சாத்தியம்’ என்றால் புள்ளி தடுத்துவிடும், ஆகவே தவறு. ‘சில க மட்டுமே ச’ என்ற கூற்று இரண்டு செய்திகளை ஒரே மூச்சில் சொல்கிறது: சில க ச, சில க ச அல்ல. எனவே எல்லா க-வும் ச ஆகச் சாத்தியமில்லை. எல்லா ச-வும் க ஆகச் சாத்தியம் உண்டு. ‘க மட்டுமே ச’ என்பதோ ‘எல்லா ச-வும் க’. ‘சில’, ‘சில… மட்டுமே’, ‘மட்டுமே’ ஆகிய மூன்றையும் ஒரே பாடத்தில் குழப்பிப் போட்டிருந்தால் விடைக்குறிப்பையும் நம்ப வேண்டாம்.

‘இரண்டு முடிவுகளில் ஏதேனும் ஒன்று பின்தொடரும்’ என்ற விடைக்கு இரண்டு நிபந்தனை: இரண்டு முடிவுகளும் தனித்தனியே நிற்கக் கூடாது, ஆனால் எந்தப் படத்தை எடுத்தாலும் அவற்றில் ஒன்றாவது உண்மையாக இருக்க வேண்டும். ‘சில ஜன்னல்கள் நாற்காலிகள்’, ‘எந்த நாற்காலியும் ஜன்னல் அல்ல’ என்ற இணை அப்படிப்பட்டது. சொற்கள் இடம் மாறியிருந்தாலும் இங்கே கவலையில்லை. ‘எல்லா க-வும் ச’, ‘சில க ச அல்ல’ என்ற இணையில் மட்டும் சொல்வரிசை மாறக் கூடாது. ‘சில க ச’, ‘சில க ச அல்ல’ என்ற இணையையும் சில பாடங்கள் சேர்க்கின்றன. க என்று குறைந்தது ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொண்டால் இரண்டில் ஒன்றாவது உண்மையாகும், இரண்டுமே உண்மையாகவும் கூடும். எழுதப்போகும் தேர்வின் பழைய விடைகளோடு பாடம் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வித் தொகுப்பில் ஒன்று கவனிக்க வேண்டும். 1935-ல் உளவியலாளர்கள் வுட்வொர்த்தும் செல்ஸும் காட்டினார்கள்: கூற்றில் ‘சில’ வந்தால் ‘சில’ என்ற முடிவையும், எதிர்மறை வந்தால் எதிர்மறை முடிவையும் ஆட்கள் யோசிக்காமல் ஏற்கச் சாய்கிறார்கள். 1983-ல் உளவியலாளர் ஈவன்ஸும் உடனாய்வாளர்களும் காட்டினார்கள்: நம்பத்தக்க முடிவு என்றால் தர்க்கம் சரியில்லாவிட்டாலும் ஏற்கிறார்கள். எனவே தொகுப்பில் மூன்று வகையும் கலந்திருக்க வேண்டும்: உலகுக்கு ஒத்த முடிவுகள், ‘எல்லா மீன்களும் கடிகாரங்கள்’ போல ஒவ்வாதவை, வெறும் எழுத்துகள். ஒரே வகையை ஆயிரம் கொடுத்தாலும் அது ஒரே பயிற்சிதான்.

திரையில் விரலால் வட்டம் வரையும் வசதியை விளம்பரத்தில் பெரிதாகப் போடுகிறார்கள். அதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். புள்ளி வைக்கவும் வட்டத்தை இழுத்து மறுபடி போடவும் காகிதமும் பென்சிலும் விரைவு. தவறாகப் போட்ட விடைக்கு, அந்த முடிவைப் பொய்யாக்கும் எதிர்ப்படத்தைத் திரையில் காட்டும் வசதி இருந்தால், அதற்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.