ஸ்டாட்டிக் மெத்தடா, இன்ஸ்டன்ஸ் மெத்தடா: இரண்டாவது கடை திறந்த பிறகு

திருநெல்வேலி டவுனில் ஓர் அல்வாக் கடைக்கு ஜாவா என்ற நிரல்மொழியில் பில் மென்பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒரே கடை, ஒரே கல்லா என்பதால் எல்லாவற்றையும் ஸ்டாட்டிக் மெத்தடாகவே எழுதினேன். மெத்தட் என்பது ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு, கிளாஸ் என்பது அவற்றை வைத்திருக்கும் வார்ப்பு, ஆப்ஜெக்ட் என்பது அந்த வார்ப்பிலிருந்து உருவாகும் தனி உருப்படி. ஸ்டாட்டிக் மெத்தடை கிளாஸ் பெயரைச் சொல்லி நேரே அழைத்தால் போதும். ஆப்ஜெக்ட் உருவாக்கும் வேலை மிச்சம். கடைசி பில் எண்ணும் ஸ்டாட்டிக் மாறியில்தான் (மதிப்பைச் சேமித்து வைக்கும் இடம்) இருந்தது.

ஆனித் தேரோட்டத்துக்கு முன்பு பாளையங்கோட்டையில் இரண்டாவது கடை திறந்தார்கள். இரண்டுக்கும் ஒரே சர்வர், அதில் ஓடும் ஒரே நிரல். டவுனில் 412 விழுந்தால் அடுத்த 413 பாளையில் விழுந்தது. ஜிஎஸ்டி பில்லில் எண்கள் தொடர்ச்சியாக வரவேண்டும். கிளைக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ள விதியில் இடமுண்டு, ஆனால் அந்த வரிசைக்குள் எண் தாவக் கூடாது. "தம்பி, டவுன் கணக்கில் பாதி பில்லைக் காணவில்லையே" என்று கடைக்கார அண்ணாச்சி கேட்டபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

காரணம் எளிது. ஸ்டாட்டிக் மாறி கிளாஸுக்குச் சொந்தம். எத்தனை கடை வந்தாலும் அது ஒன்றுதான். இன்ஸ்டன்ஸ் மாறியோ ஒவ்வோர் ஆப்ஜெக்டுக்கும் தனித்தனி. டவுன் ஓர் ஆப்ஜெக்ட், பாளை ஓர் ஆப்ஜெக்ட் என்று வைத்திருந்தால் அவரவர் எண் அவரவரிடம் இருந்திருக்கும்.

காரணம் தெரிந்தும் திருத்துவது எளிதாக இல்லை. கிளாஸ் பெயரைச் சொல்லி அழைத்த இடங்கள் நிரல் முழுவதும் சிதறிக் கிடந்தன. ஒவ்வோர் இடத்திலும் 'இது எந்தக் கடை?' என்று கேட்டு, அந்த ஆப்ஜெக்டை அங்கே கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருந்தது. மூன்று இரவுகள் போயின. தொடக்கத்தில் மிச்சம் பிடித்த உழைப்பைப் பராமரிப்பில் வட்டியோடு கட்டினேன்.

பாளைக் கடையில் பார்சல் கட்டணம் வேறு. ஆப்ஜெக்ட் வழியாக அழைக்கும் இன்ஸ்டன்ஸ் மெத்தட் என்றால், முதல் கிளாஸிலிருந்து கிளைத்த துணை கிளாஸில் அதை மட்டும் மாற்றி எழுதினால் முடிந்தது. ஸ்டாட்டிக் மெத்தடை அப்படி மாற்ற ஜாவா விடாது. துணை கிளாஸில் அதே பெயரில் எழுதலாம். ஆனால் எது ஓடும் என்பதை, மாறியை எந்த வகையாக அறிவித்தோம் என்று பார்த்து, நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் கம்பைலரே முடிவு செய்துவிடும். இதில் இன்னொரு பொறியும் உண்டு: ஆப்ஜெக்ட் பெயரைச் சொல்லியும் ஸ்டாட்டிக் மெத்தடை அழைக்க ஜாவா இடம் கொடுக்கிறது. படிப்பவர் அதை இன்ஸ்டன்ஸ் மெத்தட் என்றே எண்ணிவிடுவார். சி ஷார்ப் மொழி அதை அனுமதிப்பதில்லை. அதுதான் சரி என்பேன்.

வேகத்துக்காக ஸ்டாட்டிக்கைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் உண்டு. நான் எழுதியதெல்லாம் கடை அளவு மென்பொருள்தான். அதில் வித்தியாசம் எதுவும் என் கண்ணில் படவில்லை.

இருந்தாலும் ஸ்டாட்டிக்கை நான் முழுதாக ஒதுக்கவில்லை. எடையையும் கிலோ விலையையும் கொடுத்தால் தொகை சொல்லும் மெத்தடும், பைசாவை ரூபாய்க்கு முழுமையாக்கும் மெத்தடும் இன்றும் ஸ்டாட்டிக்காகவே இருக்கின்றன. அவை எதையும் நினைவில் வைப்பதில்லை. டவுனில் அரைக் கிலோவுக்கு வரும் கணக்குத்தான் பாளையிலும் வரும்.