எரிபொருள் கலத்துக்கு எந்த மின் மாடல்?

ஏட்டுக் கணக்கில், ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் ஒரு ஹைட்ரஜன் எரிபொருள் கலம் 25 டிகிரி செல்சியஸில் 1.23 வோல்ட் தர வேண்டும். சுமையே இல்லாமல் அளந்தாலும் 1 வோல்ட்டை ஒட்டித்தான் காட்டும். நன்றாகச் சுமை ஏற்றினால் 0.6, 0.7 வோல்ட். இந்த இறக்கத்தைக் கணக்கில் பிடிக்க மூன்று வழிகள் புழக்கத்தில் இருக்கின்றன.

எளியது, கிம் குழுவினர் 1995-இல் தந்த சமன்பாடு. மடக்கை உறுப்பு ஒன்று, மின்தடை உறுப்பு ஒன்று, மின்னோட்டம் மிக உயரும்போது வரும் கடைசிச் சரிவுக்கு அடுக்குக்குறி உறுப்பு ஒன்று, அவ்வளவுதான். மின்னோட்டத்துக்கு எதிராக மின்னழுத்தத்தை அளந்து வரைந்த வளைகோட்டில் கச்சிதமாக உட்காரும். ஆனால் வெப்பநிலையை மாற்றினால் மறுபடி அளந்து மறுபடி பொருத்த வேண்டும்.

அதே ஆண்டு கனடாவின் ஆம்ஃப்லெட் குழு, பல்லார்ட் நிறுவனத்தின் மார்க் 4 கலத்தை வைத்து உருவாக்கிய மாடலில் வெப்பநிலையும் வாயு அழுத்தமும் உள்ளேயே வந்துவிடுகின்றன. இதை விரித்த பிந்தைய வடிவங்களில், மின்முனைகளுக்கு நடுவே புரோட்டான்களைக் கடத்தும் சவ்வின் ஈரப்பதத்துக்கும் ஒரு எண் உண்டு. சிக்கல் வேறு இடத்தில். இந்த வகை மாடலில் பொதுவாக ஏழு எண்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். கையில் இருப்பதோ ஒரே வளைகோடு. பறவைக் கூட்டம், தேனீ, ஓநாய் என்று ஏதேதோ பெயரில் தேடல் அல்காரிதங்களை ஓட்டி, ‘எங்கள் பிழைதான் மிகக் குறைவு’ என்று கட்டுரைகள் வந்துகொண்டே இருக்கின்றன. எண்கள் ஆளுக்கொன்று, வளைகோடு மட்டும் கிட்டத்தட்ட ஒன்றே! பிழை குறைந்ததை வைத்துச் சவ்வின் ஈரம் தெரிந்துவிட்டது என்று நம்பக் கூடாது.

மேலே சொன்ன இரண்டும் நிலையான சுமைக்கானவை. இன்வெர்ட்டர் இணைத்தால் சமமின்சுற்று மாடல்தான் சரி: சவ்வுக்கு ஒரு மின்தடை, அதோடு தொடராக, மின்தேக்கியுடன் பக்க இணைப்பில் இன்னொரு மின்தடை. அந்த மின்தேக்கி வெறும் கணித வசதி இல்லை. மின்முனைப் பரப்பில் மின்னூட்டம் சேரும் இரட்டை அடுக்கு அது. சுமை சட்டென்று ஏறும்போது மின்னழுத்தத்தில் சவ்வால் வரும் இறக்கம் உடனே நடக்கும், மீதி இறக்கம் மெதுவாக நடக்கும். 50 ஹெர்ட்ஸ் ஒற்றைக்கட்ட இன்வெர்ட்டர் கலத்திலிருந்து 100 ஹெர்ட்ஸ் அலைவை இழுக்கும். அதில் ஒரு பகுதி மின்தேக்கி வழியே போய்விடுவதால், வளைகோட்டின் சாய்வை மட்டும் வைத்துக் கணக்கிட்டால் மின்னழுத்த அலைவு உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும்.

என் தேர்வு கலவைதான். உயர் அதிர்வெண்ணில் இம்பீடன்ஸை (மாறுமின்னோட்டத்துக்குக் கலம் காட்டும் எதிர்ப்பை) அளந்து சவ்வின் மின்தடையை முதலில் நிலைநிறுத்துவேன். தேட வேண்டிய எண்கள் குறையும். மற்றதற்கு ஆம்ஃப்லெட், கூடவே ஒரு மின்தேக்கி. வாகனம் என்றால் கலத்துக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரசரின் தாமதத்தையும் அப்புறம் சேர்க்க வேண்டும்.