5-இன்-1 ரிஃப்ளெக்டர்: பல வருட வெயிலுக்குப் பிறகு

வெளிப்புறத்தில் ஆட்களைப் படமெடுக்க நான் ஃப்ளாஷ் எடுத்துப் போவதில்லை. இருக்கிற சூரிய ஒளியும், அதை முகத்துக்குத் திருப்பும் 110 செ.மீ. மடக்கு ரிஃப்ளெக்டர் ஒன்றும் போதும். வெள்ளை, வெள்ளி, தங்கம், கறுப்பு என நான்கு பரப்புள்ள ஜிப் உறை, உள்ளே ஒளி ஊடுருவும் டிஃப்யூசர். இத்தனை வருடத்தில் கேமராவே மாறிவிட்டது, இது இன்னும் பையில் இருக்கிறது.

அதிகம் உழைப்பது அந்த டிஃப்யூசர்தான். உச்சிவெயிலில் கண்குழி இருண்டுவிடும், மூக்கின் நிழல் மேலுதட்டில் விழும், நெற்றி வெளுத்துப்போகும். டிஃப்யூசரைத் தலைக்கு மேல் பிடித்தால் அந்த நிழல்களின் விளிம்பு கண்ணெதிரே கரையும். வானத்தில் சூரியனின் அகலம் வெறும் அரை டிகிரி. நிழல் அவ்வளவு கூராக விழுவதற்கு அதுவே காரணம். துணி குறுக்கே வந்ததும் துணி முழுவதும் முகத்துக்கு விளக்காகிவிடுகிறது. எவ்வளவு கிட்டே பிடிக்கிறோமோ அவ்வளவு மென்மை. ஆனால் என்னுடையது ஏறத்தாழ ஒன்றரை ஸ்டாப் ஒளியைக் குடித்துவிடும் (ஒரு ஸ்டாப் குறைந்தால் ஒளி பாதியாகும்). முகத்தின் வெளிச்சத்துக்கு ஏற்ப கேமராவில் எக்ஸ்போஷர் வைத்தால் வெயிலில் கிடக்கும் பின்னணி அந்த அளவுக்கு வெளுக்கும். அதனால் முதலில் நிழலடைந்த மரங்களையோ சுவரையோ தேடி, அது பின்னால் வரும்படிதான் ஆளை நிறுத்துவேன்.

மாலையில் சூரியனை ஆளுக்குப் பின்னால் வைத்து, வெள்ளைப் பக்கத்தால் முகத்துக்கு ஒளியைத் திருப்புவேன். கண்ணில் சின்ன ஒளிப்புள்ளி விழுந்ததும் முகத்துக்கு உயிர் வந்துவிடும். ரிஃப்ளெக்டர் மார்புக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் தாடைக்கு அடியில் வெளிச்சம் ஏறி முகம் விகாரமாகத் தெரியும்.

வெள்ளி கண்ணைக் கூசவைக்கும், தள்ளி நின்றால் மட்டும் சரி. தங்கத்தை நான் தொடுவதே அபூர்வம். நிழலில் விழும் வானத்து ஒளி நீலம் கலந்தது, ஒளியின் நிறத்தை அளக்கும் கெல்வின் கணக்கில் பெரும்பாலும் 7000-ஐ ஒட்டி இருக்கும்; எண் கூடக்கூட நீலம் கூடும். அங்கே தங்கத்தைக் காட்டினால் முகம் மட்டும் மஞ்சளாகிவிடும், கேமராவில் நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸில் முகத்தையும் சுற்றுப்புறத்தையும் சேர்த்துச் சரிசெய்ய முடியாது.

பலரும் பிரித்துக்கூடப் பார்க்காத கறுப்புப் பக்கத்தைப் பற்றித்தான் நான் எல்லாரிடமும் சொல்வேன். மேகமூட்டத்தில் ஒளி எல்லாத் திசையிலிருந்தும் வருவதால் முகம் தட்டையாகிவிடும். கன்னத்துக்கு ஓரடி தள்ளிக் கறுப்பைப் பிடித்தால் அந்தப் பக்க ஒளி அடைபட்டு, கன்ன எலும்பும் தாடைக் கோடும் எடுப்பாக வரும். வெளிச்சத்தைக் கூட்டாமல் குறைத்தே முகத்துக்கு வடிவம் கொடுக்கலாம்.

எஃகு வளையம் இன்னும் நெளியவில்லை. உறையின் ஓரத் தையல் தளர்ந்துவிட்டது, வெள்ளிப் பூச்சில் மடிப்பு விழுந்திருக்கிறது. படத்தில் வித்தியாசம் தெரியவில்லை. பெரிய தொல்லை காற்றுதான். ஸ்டாண்டில் மாட்டினால் மணல் மூட்டை கட்டினாலும் சாயப் பார்க்கும், ஆள் பிடிப்பதே பாதுகாப்பு. முழு உருவப் படத்துக்கு இந்த அளவு போதாது. தனியாகப் போய்ப் படமெடுப்பவர்கள் 80 செ.மீ. வாங்குங்கள், ஒரு கையில் அதையும் மறு கையில் கேமராவையும் சமாளிக்கலாம். உதவிக்கு ஆள் இருந்தால் 110 எடுங்கள்.