நம்பிக்கையைப் பற்றிப் பேச ஆங்கிலச் சொற்கள்: ஓர் இணையவழிப் பயிற்சியின் மதிப்புரை

ஆங்கிலத்தில் அலுவல் கடிதம் எழுதவும் கூட்டங்களில் பேசவும் தயங்காதவர்கள்கூட, பேச்சு சமயத்தின் பக்கம் திரும்பியதும் சொற்களைத் தேடத் தொடங்குகிறார்கள். பொருளாதாரத்தைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ பேசும்போது தவறான சொல் ஒன்று வந்துவிட்டால் கேட்பவர் புன்னகையுடன் கடந்துவிடுவார். நம்பிக்கையைப் பற்றிப் பேசும்போது அதே தவறு ஒருவரை அவமதித்ததாகவே ஆகிவிடக்கூடும். அதனால்தான், தமிழ் விளக்கங்களுடன் உயர்நிலை மாணவர்களுக்கென வந்திருக்கும் இந்தப் பயிற்சியை, அதிலும் சமயம், நம்பிக்கை, மதச்சார்பின்மை ஆகியவற்றுக்கு ஒதுக்கப்பட்ட அதன் ஆறு பகுதிகளை, ஒன்றுவிடாமல் படித்துப் பார்த்தேன். ஐரோப்பிய மொழித்தர வரையறையின் மிக உயர்ந்த இரண்டு நிலைகளான சி1, சி2 ஆகியவற்றை மனத்தில் வைத்து இது அமைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பகுதியிலும் ஒரு வாசிப்புக் கட்டுரை, ஒலிப்பதிவு, சொல் விளக்கம், கோடிட்ட இடம் நிரப்பும் பயிற்சி, இறுதியில் ஒரு சிறு கட்டுரை என்ற வரிசை உண்டு.

இந்தப் பயிற்சியின் ஆகச் சிறந்த பண்பு, ஒரு சொல்லின் பொருளோடு நின்றுவிடாமல், அந்தச் சொல்லை யார் யாரைப் பற்றிச் சொல்கிறார் என்பதையும் கற்பிப்பதுதான். முதல் பகுதியில் ஒரே பெண்மணியைப் பற்றி மூன்று வாக்கியங்கள் தரப்பட்டுள்ளன. ஒன்றில் அவர் 'டிவவுட்', அடுத்ததில் 'பயஸ்', மூன்றாவதில் 'சாங்க்டிமோனியஸ்'. இவற்றை அவருடைய தோழி, ஒரு செய்தியாளர், அவரைப் பிடிக்காத உறவினர் ஆகிய மூவரில் யார் யார் சொல்லியிருக்கக்கூடும் என்று கண்டுபிடித்து, அதற்கான காரணத்தையும் மாணவர் எழுத வேண்டும். முதல் சொல் பெரும்பாலும் மரியாதையோடு வருவது. மூன்றாவது, தன் பக்தியைக் காட்டிப் பிறரைத் தாழ்த்துபவர் என்ற வெளிப்படையான கண்டனம். நடுவில் இருக்கும் 'பயஸ்' தான் சிக்கலானது. அது பாராட்டாகவும் வரும், பாசாங்கு என்ற குற்றச்சாட்டாகவும் வரும். 'பயஸ் ஹோப்' என்றால் நிறைவேற வாய்ப்பில்லாத ஆசை என்றே பொருள்படும். அகராதியில் மூன்று சொற்களுக்கும் 'பக்தியுள்ள' என்ற அளவில் பொருள் பார்த்துக்கொண்டு தேர்வு எழுதும் மாணவருக்கு இந்த ஒரு பயிற்சியே பெரும் உதவி. 'லாப்ஸ்டு கேத்தலிக்' என்பது நம்பிக்கையிலிருந்து விலகியவரைக் குறிக்கும்போதும், 'அப்சர்வன்ட்' என்பது சமய விதிகளை அன்றாடம் கடைப்பிடிப்பவரைக் குறிக்கும்போதும் எந்த அளவுக்கு நடுநிலையாக ஒலிக்கின்றன என்பதும் இங்கே நன்றாக விளக்கப்பட்டுள்ளது.

இரண்டாம் பகுதி சமயக் குழுக்களுக்கான சொற்களை எடுத்துக்கொள்கிறது. 'டினாமினேஷன்' (சமயத்தின் உட்பிரிவு), 'செக்ட்' (பிரிந்து நிற்கும் குழு), 'கல்ட்' (ஐயத்தோடு பார்க்கப்படும் குழு) ஆகியவை படிப்படியாகக் கடுமையாகிக்கொண்டே போவதையும், ஆய்வாளர்கள் பலர் மூன்றாவது சொல்லைத் தவிர்த்து 'நியூ ரிலிஜியஸ் மூவ்மென்ட்' (புதிய சமய இயக்கம்) என்று எழுதுவதையும் இது சொல்கிறது. ஆனால் சமயத்தைச் சமூகவியல் நோக்கில் ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர்கள் மாக்ஸ் வேபரும் எர்ன்ஸ்ட் டிரெல்ச்சும் திருச்சபைக்கும் 'செக்ட்' என்பதற்கும் இடையே வகுத்த வேறுபாட்டில் அந்தச் சொல் வசைச்சொல்லே அல்ல என்பதையோ, புனிதர் வழிபாட்டின் வரலாற்றை எழுதுபவர்கள் 'கல்ட்' என்பதை எந்த இழிவுமின்றி வழிபாட்டு மரபு என்ற பொருளில் ஆள்வதையோ இது சொல்லவில்லை. பல்கலைக்கழகக் கட்டுரைகளைப் படிக்கப்போகிறவர்களுக்கு இது தெரியாமல் போனால் ஆசிரியரின் நோக்கத்தையே தவறாகப் புரிந்துகொள்வார்கள்.

'ஃபண்டமென்டலிஸ்ட்' (அடிப்படைவாதி) என்ற சொல்லின் வரலாறு தனிப் பெட்டியாகத் தரப்பட்டிருப்பது எனக்கு மிகவும் பிடித்தது. 1910 முதல் 1915 வரை அமெரிக்காவில் வெளிவந்த கிறிஸ்தவக் கட்டுரைத் தொகுதிகளின் தலைப்பிலிருந்து கிளைத்து, 1920-இல் கர்டிஸ் லீ லாஸ் என்ற பாப்டிஸ்ட் இதழாசிரியர் தம்மையும் தம் தோழர்களையும் பெருமையுடன் குறிக்க உருவாக்கிய சொல் அது. இன்று யாரும் தமக்குத்தாமே சூட்டிக்கொள்ளத் தயங்கும் முத்திரையாக அது மாறியிருப்பதைப் பார்க்கும்போது, சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதால் மட்டும் இந்தத் துறையில் தேர்ச்சி வராது என்பது மாணவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

மூன்றாம் பகுதிதான் என் கணிப்பில் இந்தத் தொகுப்பின் உச்சம். 'பிளாஸ்ஃபெமி', 'சாக்ரிலேஜ்', 'ஹெரசி', 'அப்பாஸ்டசி', 'ஸ்கிசம்' என்ற ஐந்து சொற்களையும் பத்திரிகைகள்கூடக் குழப்பிக்கொள்வதுண்டு. இறைவனையோ புனிதமானதையோ சொல்லால் பழிப்பது முதலாவது. புனிதப் பொருளையோ இடத்தையோ களங்கப்படுத்துவது இரண்டாவது. சமயத்துக்குள் இருந்துகொண்டே அதன் கோட்பாட்டுக்கு மாறானதைக் கொள்வது மூன்றாவது. சமயத்தையே துறப்பது நான்காவது. 1054-இல் கிழக்குத் திருச்சபையும் மேற்குத் திருச்சபையும் பிரிந்ததைப் போல அமைப்பே பிளவுபடுவது ஐந்தாவது. இவற்றை வரையறைகளாக அடுக்காமல், ஒரு கற்பனைச் சமூகத்தில் நடக்கும் தொடர் நிகழ்ச்சிகளாக எழுதி, ஒவ்வொன்றையும் எந்தச் சொல்லால் குறிப்பது என்று கேட்டிருக்கிறார்கள். கூடவே, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பொதுச்சட்டத்தின்படி இருந்துவந்த 'பிளாஸ்ஃபெமி' குற்றம் 2008-இல் நீக்கப்பட்டதைக் கூறும் சிறு கட்டுரையும் உண்டு. 'அபாலிஷ்' (ஒழித்தல்), 'ரிப்பீல்' (சட்டத்தைத் திரும்பப் பெறுதல்) போன்ற சட்டச் சொற்களை அதில் இயல்பாகக் கற்றுக்கொள்ளலாம். 'சாக்ரிலிஜியஸ்' என்ற சொல்லை எழுதும்போது பலர் அதன் பின்பாதியில் 'ரிலிஜியஸ்' என்பதைப் புகுத்திவிடுவதையும், அது 'சாக்ரிலேஜ்' என்பதிலிருந்து வருவதால் உயிரெழுத்துகள் இடம் மாறி நிற்க வேண்டும் என்பதையும் இந்தப் பகுதி சுட்டிக்காட்டத் தவறவில்லை.

ஒலிப்பதிவுகள் தெளிவானவை. 'பிளாஸ்ஃபீம்' என்ற வினைச்சொல்லில் அழுத்தம் இரண்டாம் அசையிலும், 'பிளாஸ்ஃபெமஸ்' என்ற பெயரடையில் முதல் அசையிலும் விழுவதை அடுத்தடுத்து ஒலிக்கச் செய்திருப்பது பயனுள்ள ஏற்பாடு.

நான்காம் பகுதி மரபுத்தொடர்களைப் பற்றியது. ஏற்கெனவே உடன்படுபவர்களிடமே வாதிடுவதை அமெரிக்கர் 'ப்ரீச்சிங் டு தி குவையர்' என்றும் பிரித்தானியர் 'ப்ரீச்சிங் டு தி கன்வர்ட்டட்' என்றும் சொல்வது, பலதரப்பட்ட கருத்தினருக்கும் இடமளிக்கும் கட்சியை 'பிராட் சர்ச்' என்பது போன்றவை சரியாகவே தரப்பட்டுள்ளன. வாதத்துக்காக எதிர்த்தரப்பில் நின்று பேசுபவரைக் குறிக்கும் 'டெவில்ஸ் அட்வகேட்' என்பது புனிதர் பட்டத்துக்கு எதிராக வாதாடுவதற்கென கத்தோலிக்கத் திருச்சபையில் உண்மையிலேயே இருந்த பதவி என்பதையும், 1983-இல் போப் இரண்டாம் ஜான் பால் அந்த நடைமுறையை மாற்றியமைத்ததையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தத் தொடர் மாணவர் மனத்தில் இன்னும் ஆழமாகப் பதிந்திருக்கும்.

பயிற்சி பெரிதும் சறுக்குவது ஐந்தாம் பகுதியில், அதாவது மதச்சார்பின்மையில். 'செக்யுலரிசம்' என்பதற்கு 'சமயத்தை எதிர்க்கும் கொள்கை' என்று தமிழில் விளக்கம் தந்திருக்கிறார்கள். இது ஏற்கத்தக்கதல்ல. 1851-இல் இந்தச் சொல்லை உருவாக்கிய ஜார்ஜ் ஜேக்கப் ஹோலியோக், தம் கொள்கையை நாத்திகத்திலிருந்து வேறுபடுத்திக் காட்டவே அதைக் கையாண்டார். அரசியல் உரையாடலில் அது அரசுக்கும் சமயத்துக்கும் இடையே இருக்க வேண்டிய உறவைப் பற்றிய நிலைப்பாடு; ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஒருவரும் உறுதியான 'செக்யுலரிஸ்ட்' ஆக இருக்க முடியும். 'செக்யுலரைசேஷன்' வேறு, அது சமூகத்தில் சமயத்தின் செல்வாக்கு காலப்போக்கில் குறைவதைக் குறிக்கிறது. சமயப் பண்பற்ற எதையும் குறிக்கும் 'செக்யுலர்' இவை இரண்டிலிருந்தும் வேறுபட்டது. இந்தப் பயிற்சியோ 'செக்யுலர்' என்பது எங்கே வந்தாலும் 'மதச்சார்பற்ற' என்றே தமிழில் தருகிறது. 'செக்யுலர் மியூசிக்' என்ற இடத்தில் அது ஒருவாறு பொருந்தும். துறவற சபை எதிலும் சேராமல் மறைமாவட்டத்தில் பணிபுரியும் குருவைக் குறிக்கும் 'செக்யுலர் ப்ரீஸ்ட்' என்ற தொடரை 'மதச்சார்பற்ற குரு' என்று படித்தால் பொருளே கெட்டுவிடுகிறது.

நாடுகளுக்கு இடையிலான வேறுபாட்டையும் இந்தப் பகுதி தொடவில்லை. திருச்சபைகளையும் அரசையும் பிரித்த 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியில் வளர்ந்த பிரான்சின் மதச்சார்பின்மைக் கோட்பாடான 'லாயிசிட்டே', அரசு எந்தச் சமயத்தையும் நிறுவக்கூடாது என்று 1791-இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், 1937-இல் துருக்கியின் அரசியலமைப்பில் இடம்பெற்ற கோட்பாடு, 1976-இன் 42-ஆவது திருத்தத்தால் இந்திய அரசியலமைப்பின் முகப்புரையில் சேர்க்கப்பட்ட சொல் ஆகிய நான்கையும் ஆங்கிலக் கட்டுரைகள் ஒரே 'செக்யுலர்' என்ற சொல்லால்தான் பெரும்பாலும் குறிக்கின்றன. ஆனால் அவை நான்கும் நான்கு வேறு ஏற்பாடுகள். இங்கிலாந்திலோ அரசு அங்கீகரித்த திருச்சபை இன்றும் இருக்கிறது. அந்த உறவை முறிப்பதற்கான 'டிஸ்எஸ்டாப்ளிஷ்மென்ட்' என்ற சொல் அயர்லாந்தில் 1871-இலும் வேல்ஸில் 1920-இலும் நடைமுறைக்கு வந்த மாற்றங்களை விளக்க இன்றியமையாதது. உயர்நிலைச் சொல்வளம் என்று பெயர் வைத்துவிட்டு இந்தச் சொல்லை விட்டுவிட்டது பெரிய குறை. 'அக்னாஸ்டிக்' என்பதையும் ஆத்திகருக்கும் நாத்திகருக்கும் நடுவில் நிற்பவர் என்ற படமாகவே வரைந்திருக்கிறார்கள். 1869-இல் ஆங்கில உயிரியலாளர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி அச்சொல்லைப் படைத்தபோது அவர் பேசியது அறிவின் எல்லையைப் பற்றி. மனம் முடிவெடுக்காமல் தவிப்பதைப் பற்றி அல்ல.

ஆறாம் பகுதி பல சமயத்தவர் கூடும் உரையாடலுக்கானது. அதன் நோக்கம் உயர்ந்தது. ஆனால் எடுத்துக்காட்டுகளில் பெரும்பான்மை கிறிஸ்தவச் சூழலிலிருந்தே வருகின்றன. திருவுருவ வழிபாட்டைக் குறிக்க 'ஐடலட்ரி' என்ற சொல்லை எந்த எச்சரிக்கையுமின்றித் தந்திருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அது வெளியிலிருந்து சுமத்தப்படும் குற்றச்சாட்டு. தாம் செய்வதைக் குறிக்க எந்தப் பக்தரும் அதை விரும்பிப் பயன்படுத்துவதில்லை. 'இமேஜ் வொர்ஷிப்' என்றோ, சமய ஆய்வுகளில் வழங்குவதுபோல் 'மூர்த்தி' என்றோ எழுதலாம் என்று ஒரு வரி சேர்த்திருந்தால் போதும். இதே பகுதியில், இஸ்லாத்தைத் தழுவியவர்களில் சிலர் தம்மைக் 'கன்வர்ட்' (மதம் மாறியவர்) என்பதைவிட 'ரிவர்ட்' (திரும்பி வந்தவர்) என்று சொல்லிக்கொள்ள விரும்புவதைக் கவனமாகக் குறித்திருக்கிறார்கள் என்பதால், அந்த அக்கறை மற்ற மரபுகளுக்கும் நீண்டிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

கட்டுரைத் திருத்தச் சேவையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'ஃப்ரீடம் ஃப்ரம் ரிலிஜன்' என்ற உரிமையைப் பற்றி, அதாவது சமயத்தின் கட்டாயத்திலிருந்து விடுபட்டிருக்கும் உரிமையைப் பற்றி, நான் எழுதி அனுப்பிய கட்டுரை, அந்த முன்னிடைச்சொல் எல்லா இடங்களிலும் 'ஆஃப்' என்று மாற்றப்பட்டுத் திரும்பியது. விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமை என்ற வேறொரு பொருள் வந்து, என் வாதமே தலைகீழானது. விளக்கம் கேட்டு எழுதியதற்கு, வழக்கமான தொடரே பரிந்துரைக்கப்பட்டதாகப் பதில் வந்தது. மதிப்பெண்ணையும் மாற்றவில்லை.

ஆகவே, சி2 தேர்வுக்குத் தயாராகிறவர்களும், பல சமயத்தவருடன் பணிபுரிந்து அவர்களுடன் பண்போடு உரையாட விரும்புகிறவர்களும் முதல் நான்கு பகுதிகளைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். ஆறாம் பகுதியை நல்லதோர் ஆங்கில–ஆங்கில அகராதியின் பயன்பாட்டுக் குறிப்புகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். ஐந்தாம் பகுதியைத் திருத்தி எழுதும்வரை அதை விட்டுவிட்டு, மேலே சொன்ன அரசியலமைப்புகளின் அந்தந்தப் பிரிவுகளை ஆங்கிலத்திலேயே நேரடியாகப் படிப்பதே நல்லது. அவற்றில் பெரும்பாலானவை ஓரிரு பத்திகளைத் தாண்டாதவை.